பொங்கல் விறகு ஏன் புகைகிறது?

சென்ற ஆண்டு தை முதல் நாள் காலையில், உறவினரின் தரைவீட்டு முற்றத்தில் மூன்று செங்கல் கூட்டிப் பொங்கல் வைத்தோம். விறகு சிங்கப்பூர்த் தேக்காவில் ஒரு கடையில் வாங்கியது. மழை படாதபடி நெகிழித் தாளில் இறுக்கிச் சுற்றியிருந்த கட்டு பார்வைக்கு நன்றாகவே இருந்தது. சூடம் வைத்துப் பற்றவைத்தோம், விசிறினோம், ஊதினோம். வெட்டு முனைகளில் நுரை தள்ளிக்கொண்டு விறகு சீறியதே தவிர, தீ எழவில்லை. பால் பொங்க முக்கால் மணி நேரம் ஆனது. அதற்குள் பிள்ளைகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார்கள்.

"மழைக்காலம், அப்படித்தான் இருக்கும்" என்றார் மாமா. மலேசியாவில் குளுவாங் பக்கம் ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் வளர்ந்த என் அத்தை ஒரு துண்டை எடுத்துக் கையில் தூக்கிப் பார்த்தார். "மழையில் நனைந்த விறகு இல்லை இது. காயவே விடாத விறகு" என்றார்.

அத்தை சொன்ன அந்த வேறுபாட்டில்தான் விறகின் அறிவியல் முழுவதும் இருக்கிறது.

வெட்டிய மரத்துக்குள் நீர் இரண்டு விதமாக இருக்கிறது. மரம் என்பது நீளவாக்கில் அடுக்கிய கோடிக்கணக்கான நுண்குழாய்கள். அந்தக் குழாய்களின் உட்குழிவில் தேங்கி நிற்கும் நீர் ஒன்று. குழாய்ச் சுவரில் உள்ள செல்லுலோஸ் மூலக்கூறுகளோடு ஒட்டிக்கொண்டிருக்கும் நீர் மற்றொன்று. முதலாவது எளிதில் வெளியேறும். அது முழுதும் போன பிறகும் சுவருக்குள் ஒட்டிய நீர், மரத்தின் உலர் எடையில் ஏறத்தாழ 30 விழுக்காடு இருக்கும். இதைக் கழற்றுவதுதான் கடினம், இதற்குத்தான் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். மழையோ நன்கு காய்ந்த விறகின் மேற்பரப்பை மட்டும் நனைக்கிறது. காற்றோட்டம் இருந்தால் ஓரிரு நாளில் அது போய்விடும். மாமாவின் கணிப்பு தவறியது இங்கேதான்.

ஈர விறகு ஏன் எரிய மறுக்கிறது? நீரை ஆவியாக்குவதிலேயே சூடு வீணாகிறது என்பதுதான் பலரும் சொல்லும் விடை. கணக்குப் போட்டுப் பார்த்தால் அது முழு விடையாக இல்லை. சரிபாதி நீராக உள்ள ஒரு கிலோ பச்சை விறகை எடுத்துக்கொள்வோம். அதிலுள்ள அரைக் கிலோ மரம் சுமார் 9 மெகாஜூல் வெப்பம் தரும். அரைக் கிலோ நீரைக் கொதிக்க வைத்து ஆவியாக்கச் சுமார் 1.3 மெகாஜூல் போதும். ஏழில் ஒரு பங்குதான் இழப்பு. அப்படியானால் மீதி வெப்பம் எங்கே போகிறது?

புகையாகப் போகிறது. உண்மையில் விறகு அப்படியே எரிவதில்லை. சூடேறும்போது, ஏறத்தாழ 200 டிகிரியைத் தாண்டியதும் மரம் சிதைந்து வாயுக்களை வெளியிடுகிறது. நாம் காணும் மஞ்சள் சுவாலை அந்த வாயுக்கள் எரியும் ஒளி. அவை மிச்சமில்லாமல் எரிந்து தீரச் சுமார் 600 டிகிரி வெப்பம் வேண்டும். ஆனால் ஒரு துண்டின் உள்ளே நீர் இருக்கும்வரை அந்தப் பகுதி 100 டிகிரியைத் தாண்ட முடியாது. வெளித்தோல் கருகி வாயுவை விடும், உள்ளே இன்னும் நீர் கொதித்துக்கொண்டிருக்கும், வெளிவரும் நீராவி அடுப்பையே குளிர்விக்கும். பற்றாத வாயு காற்றில் குளிர்ந்து நுண்ணிய தார்த் துளிகளாக மாறுகிறது. கண்ணை எரித்த வெண்புகை அதுதான். அடுப்புக்குக் கிடைத்திருக்க வேண்டிய எரிபொருள், எரியாமலே நம் நுரையீரலுக்குள் போகிறது. நெஞ்சு நோய் உள்ளவர்களும் குழந்தைகளும் அருகில் நிற்கும் ஒரு சடங்கில் இதைச் சிறு தொல்லை என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

கரி புகையாததற்கும் இதுவே காரணம். வாயுக்களை முன்கூட்டியே சூளையில் வெளியேற்றிவிட்ட மரம் அது. மலேசியாவின் பேராக் மாநிலத்து மாத்தாங் சதுப்புநிலக் காட்டை 1902 முதல் முறைப்படி பராமரித்து, 30 ஆண்டுச் சுழற்சியில் மரம் வெட்டி இப்படித்தான் கரியாக்குகிறார்கள். சவுத் பிரிட்ஜ் சாலை ஸ்ரீ மாரியம்மன் கோயிலில் தீமிதிக்குப் பூக்குழி இறக்கும்போதும், கட்டைகளைப் பல மணி நேரம் முன்பே எரித்து வாயு தீர்ந்த தணலாக்கிவிடுகிறார்கள்.

இனி நம் ஊர்க் காற்றுக்கு வருவோம். சிங்கப்பூரில் எதுவும் காயாது என்று எல்லாரும் சொல்கிறோம். அதில் பாதிதான் உண்மை.

மரம் காற்றோடு ஓயாமல் ஈரத்தைக் கொடுத்து வாங்கிக்கொண்டிருக்கும். காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காடாக நிலைத்திருந்தால், நம் வெப்பநிலையில் மரத்தின் ஈரம் சுமார் 16 விழுக்காட்டில் வந்து நிற்கும். அதற்குக் கீழே எத்தனை ஆண்டு வைத்திருந்தாலும் இறங்காது. ஈரப்பதம் 90க்கு ஏறினால் விறகும் 20ஐ நோக்கி ஏறும். பொங்கல் நம்மிடம் வருவதோ வடகிழக்குப் பருவமழையின் நடுவில், காற்று மிகவும் நனைந்திருக்கும் வாரங்களில். ஆக, எதுவரை காயலாம் என்ற எல்லையை நம் காற்று சற்று உயர்த்தி வைத்திருக்கிறது. இது உண்மையான பாதி.

மற்ற பாதி, எவ்வளவு விரைவாகக் காயும் என்பது. 28 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் சுமார் 27 கிராம் நீராவியைத் தாங்கும். ஈரப்பதம் 80 என்றால் இன்னும் 5 கிராமுக்கு மேல் இடமிருக்கிறது. விறகை மூட்டி வீட்டைச் சூடாக்கும் பிரிட்டனின் 8 டிகிரிக் குளிர்காலக் காற்றோ மொத்தமே 8 கிராம் அளவுதான் தாங்கும். அதே 80 விழுக்காட்டில் மீதி இடம் 2 கிராம்கூட இல்லை. நம் காற்று அதைவிட மூன்று மடங்கு நீரை ஏற்றுக்கொள்ள முடியும். மரத்துக்குள் நீர் நகரும் வேகமும் வெப்பத்தில் கூடுகிறது. இங்கிலாந்தில் 2021 மே முதல், 2 கன மீட்டருக்குக் குறைவாக விற்கும் விறகின் ஈரம் 20 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. அந்த 20ஐ நாம் இங்கே தாராளமாக எட்டலாம். அதற்குக் காற்று ஓடவேண்டும், அவ்வளவே.

நெகிழித் தாளில் சுற்றிய கட்டு தோற்பது இதனால்தான். உள்ளிருக்கும் சிறிதளவு காற்று சில மணி நேரத்தில் நிறைந்துவிடும். அதன்பின் ஒரு துளி ஈரமும் வெளியேறாது, பூஞ்சைதான் வளரும். தார்ப்பாய் போட்டு நாற்புறமும் தரைவரை மூடிவைப்பதும் இதே தவறு. மேலே மட்டும் ஒரு கூரை, பக்கங்கள் திறப்பு, அடியில் ஒரு சாண் உயரத்துக்குச் செங்கல் அல்லது பலகை, துண்டுகளுக்கிடையே எலி புகும் அளவு இடைவெளி: விறகுக்கு இது போதும். வெயில் கூடுதல் வரம்தான், ஆனால் காற்றில்லாத வெயிலைவிடக் காற்றுள்ள நிழல் மேல். தோட்டத்து லயங்களில் அடுப்புக்கு மேலே பரண் கட்டி விறகை ஏற்றிவைப்பார்களாம். அடியிலிருந்து எழும் சூடான காற்றின் ஈரப்பதம் மிகக் குறைவு என்பதால் அந்தப் பரண் ஒரு நல்ல உலர்த்தி.

வாங்கும்போது எதைப் பார்ப்பது? முதலில் பிளந்த விறகா என்று பாருங்கள். மரத்தின் குழாய்கள் நீளவாக்கில் ஓடுவதால், குறுக்கே செல்வதைவிட நீளவாக்கில் நீர் பத்து மடங்குக்கு மேல் விரைவாக வெளியேறும். பட்டையோ நீரை உள்ளேயே பூட்டிவைக்கும். உருட்டுக் கட்டையைவிடக் குட்டையாக அறுத்து நான்காகப் பிளந்தது பலமடங்கு முன்னதாகக் காயும். அடுத்து வெட்டு முனை. நடுவிலிருந்து ஆரங்களைப் போல வெடிப்புகள் ஓடினால் நல்ல அடையாளம். குழாய்ச் சுவரின் நீர் கழன்றால்தான் மரம் சுருங்கும். வளையங்களின் போக்கில் ஏற்படும் சுருக்கம் ஆரத்தின் போக்கில் ஏற்படுவதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு, அந்த இழுபறியில் முனை வெடிக்கிறது. ஆனால் முனை மட்டும் காய்ந்து நடு ஈரமாக இருக்கலாம். அதனால் இரண்டு துண்டுகளைத் தட்டிப் பாருங்கள். காய்ந்தவை கணீரென்று ஒலிக்கும், பச்சையானவை மொத்தென்று விழும்.

ரப்பர் மரத்தை அறுத்த உடனே பிளந்து காயவிட வேண்டும். அதில் மாவுச்சத்து மிகுதி. பூஞ்சை விரைவில் நீலம் பாய்ச்சும், துளைக்கும் வண்டுகள் மாவாக்கி உதிர்க்கும். கட்டின் அடியில் மெல்லிய பொடி தெரிந்தால் அதை வீட்டுக்குள் கொண்டுபோகாதீர்கள், நாற்காலி மேசைக்கும் பரவலாம். சரக்கு ஏற்றும் மரத்தட்டுகளைச் சிலர் உடைத்து எரிக்கிறார்கள். அவற்றில் 'எச்.டி.' (HT) என்ற முத்திரை இருந்தால் பூச்சியைக் கொல்லச் சூடேற்றினார்கள் என்றுதான் பொருள், காய்ந்தது என்று அல்ல. சாயமோ மருந்தோ ஏறிய பலகை பொங்கல் அடுப்புக்கு வேண்டவே வேண்டாம்.

வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்கள் பொது நடைவழியில் விறகை அடுக்கக்கூடாது. தீ பரவினால் அண்டை வீட்டார் வெளியேறும் வழி அது. தரைவீட்டில் தார்ப்பாய் போடுபவர்கள் அதன் மடிப்பில் நீர் தேங்காமல் பார்க்க வேண்டும், 20 காசு அளவு நீர் ஏடிஸ் கொசுவுக்குப் போதும். விறகு வெறும் மண்ணைத் தொட்டால் கரையானும் வந்துசேரும்.

இந்த ஆண்டு நான் ஜூலையிலேயே ஒரு கட்டு வாங்கிப் பிளந்து, மாமாவின் வீட்டுப் பின்புறத்தில் கூரைக்கடியில் அடுக்கினேன். ஒரு துண்டைத் தனியே எடுத்துச் சமையலறைத் தராசில் அவ்வப்போது எடை பார்த்து, அதன் மேலேயே பென்சிலால் எழுதிவந்தேன். ஜூலையில் 640 கிராம். ஆகஸ்ட் இறுதியில் 530. அக்டோபரில் 498, அதற்குக் கீழே இறங்கவில்லை. டிசம்பர் மழை தொடங்கியதும் மெல்ல ஏறி, பொங்கலுக்கு ஒரு வாரம் முன்பு 511க்கு வந்தது. காற்றிலிருந்து 13 கிராம் நீரை அந்தத் துண்டு திரும்பக் குடித்திருந்தது. உதிர்ந்த பொடி எதுவும் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, சுள்ளிகளையும் மெல்லிய துண்டுகளையும் மட்டும் குளிரூட்டிய அறைக்குள் எடுத்துவைத்தேன். அங்கே ஈரப்பதம் 60க்கும் கீழே. மெல்லியவை ஒரு வாரத்தில் நன்றாகவே இறங்கிவிட்டன. தடித்தவை அதற்குள் மாறாது என்பதால் வெளியிலேயே விட்டேன்.

அன்று காலையும் தூறல்தான். சுள்ளி ஒரே கொளுத்தலில் பற்றியது, தடித்த துண்டுகள் அந்தச் சூட்டில் பிடித்துக்கொண்டன. அத்தை பென்சில் எழுத்திருந்த துண்டைப் படித்துப் பார்த்துவிட்டு, கடைசியாக அதையும் அடுப்புக்குள் தள்ளினார்.