900 கிராம் குட்டியும் ராத்திரிச் சாப்பாடும்

மார்கழியில் ஒரு நாள் காலை ஏழு மணிக்கு கிளினிக் ஷட்டரைத் தூக்கும்போதே வாசலில் ஓர் ஆச்சி நின்றிருந்தார்கள். கையில் ஒயர்கூடை, அதற்குள் துண்டில் சுற்றிய ஷிட்ஸு நாய்க்குட்டி. "ராத்திரி பேரப்பிள்ளைகளோட நல்லா ஓடி விளையாண்டுச்சு தம்பி. காலையில எழுப்புனா துணி மாதிரி கெடக்கு" என்றார்கள்.

எடை 900 கிராம். ஈறு வெளுத்துச் சில்லென்று இருந்தது. உடம்புச் சூடு 96 டிகிரி ஃபாரன்ஹீட். நாய்க்கு 101-க்கு மேல் இருக்க வேண்டும். காது நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தால் சர்க்கரை 34. வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்து, நரம்பு வழியாக டெக்ஸ்ட்ரோஸ் என்ற சர்க்கரைக் கரைசலை ஏற்றினேன். கால் மணி நேரத்தில் தலையைத் தூக்கியது. இன்னும் கொஞ்ச நேரத்தில் என் கையுறையைக் கடித்து இழுக்க ஆரம்பித்துவிட்டது.

"ஏதும் விஷத்தைத் தின்னுருச்சா?" என்று கேட்டார்கள் ஆச்சி. அது எதையும் தின்னவில்லை, அதுதான் விஷயம். கடைசியாகச் சாப்பிட்டது முந்தின நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு. அதற்குப் பிறகு பதினோரு மணி வரை ஓட்டம், அப்புறம் மார்கழிக் குளிரில் வெறும் தரையில் தூக்கம்.

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கமெல்லாம் இப்போது இப்படியான வீடுகள் நிறைய. பெரிய வீடு, அதில் வயதான இரண்டு பேர். பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். துணைக்கு இருக்கட்டும் என்று ஒரு ஷிட்ஸு, ஒரு பக், ஒரு பொமரேனியன் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். (நம் ஊரில் பொமரேனியன் என்று விற்பதில் பெரும்பாலானவை இண்டியன் ஸ்பிட்ஸ்தான். அதில் ஒன்றும் குறையில்லை, நம் வெயிலுக்கு அது தேவலை.) சின்ன நாய் என்றால் வேலையும் சின்னது என்று நினைத்துத்தான் வாங்குகிறார்கள். ஆளான பிறகு அது ஓரளவு உண்மை. முதல் நான்கு மாதம் நேர் எதிர்.

கணக்கைப் பாருங்கள். நாயின் உடம்பில் ரத்தம் கிலோவுக்கு ஏறக்குறைய 85 மி.லி. அப்படியானால் அந்தக் குட்டியின் மொத்த ரத்தமும் சேர்ந்தால்கூட ஒரு சின்னக் காபி டம்ளர் நிறையாது. நாலு தடவை வயிற்றால் போனால் 90 மி.லி. தண்ணீர் வெளியேறிவிடும். அது அதன் எடையில் பத்து சதவீதம், உயிருக்கு ஆபத்தான அளவு. சர்க்கரைக்கும் அதே கதை. ஈரலில் சேமித்து வைக்க இடம் குறைவு, தசை குறைவு, செலவு மட்டும் அதிகம். ராஜபாளையம் குட்டி ஒரு வேளை பட்டினி கிடந்தால் கத்தி ஊரைக் கூட்டும். இது சத்தமில்லாமல் சாய்ந்துவிடும்.

தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு ராத்திரி போன் வந்தது. "குட்டி கொஞ்சம் தள்ளாடுது, ரெண்டு தடவை வாந்தி எடுத்துச்சு." பெரிய நாய்க்குச் சொல்வதுபோல, காலையில் கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டேன். எடை என்ன என்றுகூடக் கேட்கவில்லை. காலையில் வந்தது குட்டியில்லை, செய்திதான். இப்போதெல்லாம் போனை எடுத்ததும் முதல் கேள்வி எடைதான். இரண்டு கிலோவுக்குக் கீழே என்றால் உடனே வரச் சொல்லிவிடுவேன், எத்தனை மணியாக இருந்தாலும்.

அதனால் மூன்று, நான்கு மாதம் வரை ஒரு நாளைக்கு நான்கு வேளை சாப்பாடு. கடைசி வேளை ராத்திரி பத்து மணிக்கு, நீங்கள் படுக்கப் போகும் முன். விடிந்ததும் அடுத்தது. குட்டி தள்ளாடினால், வெட்டி இழுத்தால், எழுப்பியும் எழாவிட்டால் முதலில் துணியில் சுற்றிச் சூடாக்குங்கள். தேனையோ கெட்டியான சர்க்கரைத் தண்ணீரையோ விரலில் தொட்டு ஈறில் தேய்த்துக்கொண்டே கிளம்பி வாருங்கள். நினைவில்லாத குட்டியின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும். சர்க்கரை நோயாளி உள்ள வீட்டில் இன்னொன்றும் கவனம் வேண்டும். காபிக்குப் போடும் இனிப்பு மாத்திரை இதற்கு உதவாது, நிஜச் சர்க்கரை வேண்டும். சைலிட்டால் கலந்த சூயிங்கம், மிட்டாய் நாய்க்கு விஷம். சர்க்கரையை இன்னும் கீழே இறக்கிவிடும்.

என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டால் பத்தில் எட்டு வீட்டில் ஒரே பதில்: "பாலும் மாரி பிஸ்கட்டும்." பசும்பாலின் லாக்டோஸ் பல குட்டிகளுக்குச் செரிக்காது, வயிற்றால் போகும். பிஸ்கட்டில் மாவும் சர்க்கரையும் தவிர என்ன இருக்கிறது? குட்டிகளுக்கென்றே விற்கும் தீவனத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்துக் கொடுப்பதுதான் முதல்முறை வளர்ப்பவர்களுக்குச் சுலபம். வீட்டுச் சாப்பாடுதான் என்றால் எலும்பில்லாத வேகவைத்த கோழி, முட்டை, சோறு, பூசணி, கேரட். கறியும் சோறும் மட்டும் போட்டால் சுண்ணாம்புச் சத்து போதாது, அதற்கு என்ன சேர்ப்பது என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நம் அடுப்படியிலிருந்து நேராக எதுவும் போகக் கூடாது. செட்டிநாட்டுக் குழம்பில் சின்ன வெங்காயமும் பூண்டும் இல்லாமல் என்ன இருக்கிறது? இரண்டுமே நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். இரண்டு கிலோ குட்டிக்கு 30 கிராம் வெங்காயமே கெடுதல் செய்யப் போதும். வேகவைத்த எலும்பு சிலும்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். பாயசத்தில் கிடக்கும் திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். வீட்டில் விசேஷம் என்றால் வந்தவர்கள் எண்ணெயில் பொரித்த சீயமோ கந்தரப்பமோ ஆளுக்கு ஒரு துண்டு குட்டிக்கு நீட்டுவார்கள். மறுநாள் கணைய அழற்சியோடு என்னிடம் வரும்.

அடுத்தது தரை. இந்தப் பக்கத்து வீடுகளில் தரைக்குப் பதிக்கும் ஆத்தங்குடிக் கல்லைக் கண்ணாடி மேல் வார்த்துத்தான் செய்கிறார்கள். அதனால் முகம் வழுவழுவென்று இருக்கும், துடைக்கத் துடைக்க இன்னும் பளபளக்கும். கண்ணுக்கு அழகு, குட்டிக்குப் பனிப்பாறை. வளவில் (வீட்டு முற்றத்தைச் சுற்றிய இடத்தில்) ஓடும்போது பின்னங்கால் இரண்டும் விரிந்து போகும். சின்ன இனங்களுக்குப் பிறவியிலேயே முழங்கால் சில்லு நழுவும் வாகு அதிகம். நடந்துகொண்டே இருக்கும்போது ஒரு காலை மட்டும் தூக்கி, இரண்டு மூன்று எட்டு நொண்டி, பிறகு ஒன்றும் நடக்காததுபோல ஓடினால் அதை வீடியோ எடுத்துக் கொண்டு வாருங்கள். விளையாட்டு என்று சிரித்துவிட்டு விடாதீர்கள். ஓடும் வழியில் கோரைப்பாயோ ரப்பர் விரிப்போ போட்டால் போதும். திண்ணையிலிருந்தும் சோபாவிலிருந்தும் குதிக்க விடக் கூடாது. குழந்தைகள் நின்றபடி தூக்கக் கூடாது, உட்கார்ந்து மடியில் வைக்கட்டும். பென்சில் தடிமன்கூட இல்லாத முன்னங்கால் எலும்பு ஒடிந்தால், ரத்த ஓட்டம் குறைந்த இடம் என்பதால் கூடுவது கஷ்டம். கழுத்துப் பட்டைக்குப் பதிலாக நெஞ்சைச் சுற்றும் பட்டை போடுங்கள். இந்த இனங்களுக்கு மூச்சுக்குழாய் நசுங்கும் தொல்லை உண்டு.

வாங்கும் இடத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2017-ல் வந்த மத்திய அரசு விதிப்படி எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. ஆனாலும் அவ்வளவு நாள் ஆகாததையே "அறுபது நாள் குட்டி சார்" என்று தருவார்கள். வாயைத் திறந்து பாருங்கள். எட்டு வார வாக்கில் 28 பால் பல்லும் ஏறக்குறைய வந்திருக்கும். சின்ன இனத்துக்குக் கொஞ்சம் தாமதம் ஆகலாம், ஆனால் கடைவாய் மொட்டையாக இருந்தால் சந்தேகப்படுங்கள். தாய்ப்பாலிலிருந்து அவ்வளவு சீக்கிரம் பிரித்த குட்டிதான் முதல் வாரத்திலேயே படுக்கும்.

"அதான் ஒரு ஊசி போட்டாச்சே டாக்டர், அப்புறம் எப்படி பார்வோ வந்துச்சு?" மாதம் ஒரு முறையாவது கேட்கும் கேள்வி. பார்வோ என்பது குட்டிகளை வாந்தியிலும் ரத்தபேதியிலும் சாய்க்கும் வைரஸ் நோய். தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் இருக்கும்வரை அது தடுப்பூசியை வேலை செய்ய விடாது. எப்போது கரையும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை, 16 வாரம் வரை திரும்பத் திரும்பப் போடுகிறோம். ரேபிஸ் ஊசி மூன்று மாதத்தில், பிறகு வருடா வருடம். ஊசி முடியும்வரை தெருவில் இறக்க வேண்டாம். ஆனால் வீட்டுக்குள்ளேயே பூட்டியும் வைக்காதீர்கள். கையில் தூக்கிக்கொண்டு போய் மேளச்சத்தம், பஸ் சத்தம், புது முகம் எல்லாம் காட்டுங்கள். இதை நேரத்தோடு காட்டாத குட்டிதான் பிற்காலத்தில் வருகிறவர்களின் காலைக் கவ்வும். குட்டிதானே என்று அந்தக் கடியை விட்டுவிடவும் கூடாது. சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அந்த ஆச்சி விஷயத்துக்கு வருகிறேன். அன்று போகும்போது, வாரம் ஒரு முறை சமையலறைத் தராசில் குட்டியை நிறுத்து எழுதி வையுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். அடுத்த முறை கணக்கு நோட்டோடு வந்தார்கள். தேதி, எடை, எத்தனை மணிக்கு எத்தனை ஸ்பூன், ஊசி எப்போது, எல்லாம் பற்று வரவு போலக் கோடு போட்டு. பக்கத்தைப் புரட்டினால், வாரம் நூறு கிராம் ஏறிக்கொண்டிருந்த எடை கடைசி இரண்டு வாரமும் அப்படியே நின்றிருந்தது. எனக்குத் தெரிவதற்கு முன்பே ஆச்சி அதைச் சிவப்பு மையில் சுழித்திருந்தார்கள்.

வயிற்றுப் பூச்சி மருந்து கொடுத்த வரி எங்கே என்று கேட்டேன். விரலை வைத்துக் கீழே இறக்கிக்கொண்டே வந்தார்கள். "தேவகோட்டையில கல்யாணத்துக்குப் போன வாரம் விட்டுப்போச்சு தம்பி." கொண்டுவந்திருந்த மலத்தை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன். கொக்கிப் புழு முட்டைகள் நிறைய இருந்தன.