லைன் மேல் பழி, லோன் மேல் பயம்

மலேசியாவின் கெடா மாநிலத்துப் பாடாங் செராயில் கணினிக் கடை வைத்திருப்பவனுக்குக் கணினி வேலை மட்டும் வராது. பிரிண்ட் எடுப்பது, பாரம் நிரப்புவது, டிவி பெட்டி பார்ப்பது எல்லாமே என் மேசைக்குத்தான் வரும். போன மாதம் ஓர் அண்ணன் வந்தார். செம்பனைத் தோட்டத்தில் லாரி ஓட்டியவர், லயத்தை (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளை) விட்டுத் தாமானுக்கு, அதாவது புறநகர் வீடமைப்புப் பகுதிக்கு, குடிவந்து ஆறேழு வருடம் ஆகிறது. "தம்பி, இன்டர்நெட் லைன் சரியில்ல. படம் கட்டம் கட்டமா உடையுது. 300-க்கு ஏத்தி விடு" என்றார். அவரிடம் இருந்தது 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட் வேக) இணையத் திட்டம்.

நான் ஏற்றவில்லை. நெட்ஃபிளிக்ஸ் 1080பி படத்துக்குக் கேட்பது 5 எம்பிபிஎஸ், 4கே-க்கு 15. நூறு என்பது தாராளம். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால், ரௌட்டர் முன்னறையில் இரும்பு அலமாரிக்கும் சாமி மேடைக்கும் நடுவே, குத்துவிளக்குக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. அதன் பக்கத்தில் நின்று சோதித்தால் 94. டிவி இருந்த பின்னறையில் 3. இடையில் இரண்டு செங்கல் சுவர். டிவியோ 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் இருந்தது. அது சுவரைத் தாண்டும், ஆனால் அக்கம்பக்கத்து வைஃபை எல்லாம் அதில்தான் முட்டி மோதும். 5 கிகாஹெர்ட்ஸுக்கு வேகம் உண்டு, சுவர் என்றால் ஆகாது. கூரையோரமாக லேன் கேபிள் இழுத்து டிவியில் சொருகினேன். படம் பளிச்.

கேபிளுக்கும் அடங்காத மங்கல் உண்டு. சந்தாவே 720பி-யோடு நிற்கும் மலிவுத் திட்டமாக இருக்கலாம். பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கிய ஆண்ட்ராய்டு பெட்டியாகவும் இருக்கலாம். அந்தப் பெட்டிகள் பலவற்றுக்கு உரிமச் சான்று கிடையாது, அதனால் எத்தனை எம்பிபிஎஸ் கொடுத்தாலும் 480பி-க்கு மேல் ஏறாது. இதை நம்ப மறுத்துக் கடையில் சண்டை போட்டவர்கள் இருக்கிறார்கள். இரவு எட்டு மணிக்கு மேல் மட்டும் உடைகிறதா? கேபிளில் சோதித்தும் அப்போது வேகம் விழுந்தால், அதுதான் உண்மையிலேயே லைன் கோளாறு. புகார் கொடுங்கள்.

அண்ணி தேத்தண்ணீர் கொண்டுவந்தார். அப்புறம்தான் மகளின் பேச்சு வந்தது. கூலிம் ஹை-டெக் பார்க்கில் ஒப்பந்த வேலை. பிடிபிடிஎன் என்ற அரசு உயர்கல்வி நிதியில் வாங்கிய படிப்புக் கடன் எட்டு மாதமாகக் கட்டப்படவில்லை. வேண்டுமென்றே இல்லை. முன்பு சம்பளத்திலேயே பிடித்துக்கொண்டிருந்தார்கள். வேறு தொழிற்சாலைக்கு மாறியதும் பிடித்தம் நின்றுபோனது, யாரும் கவனிக்கவில்லை. நினைவூட்டுக் கடிதங்கள்? பதிவில் இன்னும் இடிக்கப்பட்ட பழைய லயத்து முகவரி.

"என் இபிஎஃப்-ல எடுத்து மொத்தமா அடைச்சிரலாமா?" என்றார் அண்ணன். இபிஎஃப் என்பது ஊழியர் சேமநிதி. கல்விக்காக எடுக்க வழி இருக்கிறது, ஆனாலும் வேண்டாம் என்றேன். உஜ்ரா (வட்டிக்குப் பதில் சேவைக் கட்டணம்) முறைக்கு மாறிய பிடிபிடிஎன் கடனுக்கு ஆண்டுக்கு 1 விழுக்காடு, தொடக்கக் கடன் தொகை முழுவதற்கும் கணக்கிடும் நிலையான விகிதம். மாதாமாதம் கட்டிக் குறையும் கடனில் அதன் உண்மையான பாரம் 2-க்குச் சற்றுக் கீழே. இபிஎஃப் வழக்கமான (ஷரியா அல்லாத) சேமிப்புக்குச் சட்டப்படி குறைந்தது 2.5 விழுக்காடு தர வேண்டும். 2024-க்குக் கொடுத்த லாப ஈவு 6.30. இருப்பதிலேயே மலிவான கடனை அடைக்க, நன்றாக வளரும் காசை ஏன் பிடுங்க வேண்டும்? கடன் அட்டையில் 18 விழுக்காட்டில் நிலுவை வைத்துக்கொண்டு பிடிபிடிஎன்-ஐ முதலில் தீர்க்க ஓடுபவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும்.

சரி, தவணை எவ்வளவு? கணக்குப் புரியக் கடன் 20,000 வெள்ளி (ரிங்கிட்) என்று வைப்போம். பத்து வருடத்தில் உஜ்ரா 2,000, மாதம் 183 வெள்ளி. பதினைந்து வருடம் என்றால் உஜ்ரா 3,000, மாதம் 128. ஆயிரம் வெள்ளி கூடுதல்தான். ஆனால் 183 என்று எழுதிவிட்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை தவறவிடுவதை விட, 128-ஐ விடாமல் கட்டுவது எவ்வளவோ மேல். பிடிபிடிஎன் விவரம் சிசிரிஸ் என்ற மத்திய வங்கியின் கடன் பதிவு அறிக்கையில் தெரியும். கடைசி 12 மாதம் எப்படிக் கட்டினீர்கள் என்று அது கட்டம் போட்டுக் காட்டும். நாளைக்கு வீட்டுக் கடன் கேட்டுப் போனால் வங்கி அதிகாரி பார்ப்பது அந்தக் கட்டங்களைத்தான். வருமானம் நிலையாக உள்ள அரசு ஊழியர் என்றால் குறுகிய காலத்தையே எடுக்கச் சொல்லியிருப்பேன்.

அண்ணனின் பிள்ளை அன்றே மைபிடிபிடிஎன் இணையத்தளத்தில் நுழைந்து முதலில் முகவரியை மாற்றியது. பிறகு கடன் மறுசீரமைப்புக்கு விண்ணப்பித்தது. சம்பளப் பிடித்தம் வேண்டாம், வங்கிக் கணக்கிலிருந்து நேரடிப் பற்று போதும் என்றேன். ஒப்பந்த வேலைக்காரர்கள் முதலாளியை மாற்றினாலும் கணக்கு மாறாதே. சம்பளம் 7-ஆம் தேதி, பற்று 8-ஆம் தேதி. நடுவில் ஒரே ஒரு ராத்திரி. "அந்த ராத்திரி என்னை ஷாப்பிங் பண்ண விடாதீங்கப்பா" என்றது அப்பாவிடம்.

அண்ணன் பதில் சொல்லவில்லை. படம் தெளிவாக ஓடிக்கொண்டிருந்தது.