சைலன்சருக்கு முன்னால் கிளட்ச்சைப் பாருங்கள்

செங்கோட்டையில் எங்கள் பட்டறைக்கு வரும் இளைஞர்கள் பலர் முதலில் கேட்பது சைலன்சர். "அண்ணே, ஆரியங்காவு ஏறும்போது சவுண்டு கேக்கணும்" என்பார்கள். அடுத்த மாதம் ரீமேப், அதாவது எஞ்சின் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றி இழுவையைக் கூட்டுவது. அதற்கப்புறம் ஒருநாள் புளியரை வளைவில் வண்டி இழுக்கவில்லை, கருகல் வாடை அடிக்கிறது என்று போன் வரும்.

ஸ்விஃப்டில் வந்த 1.3 லிட்டர் டீசல் எஞ்சினையே எடுத்துக்கொள்ளுங்கள். கம்பெனியில் 190 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது சுழற்றும் விசை. அந்த விசையை கியர்பாக்ஸுக்குக் கடத்தும் கிளட்ச்சும் அதைத் தாங்கி, கொஞ்சம் மிச்சம் இருக்கும்படிதான் போட்டிருப்பார்கள். லட்சம் கிலோமீட்டர் ஓடிய கிளட்ச் பிளேட்டில் அந்த மிச்சமும் தேய்ந்திருக்கும். அதன்மேல் ரீமேப் செய்து டார்க்கை ஏற்றினால் வழுக்காமல் என்ன செய்யும்?

சோதிப்பது எளிது. ஆள் நடமாட்டமில்லாத நேர்ச்சாலையில், நாலாவது கியரில் 50 வேகத்தில் போகும்போது ஆக்ஸிலேட்டரை முழுதாக அழுத்துங்கள். ஆர்பிஎம் முள் குபுக்கென்று ஏறி, வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் போய்விட்டது.

அப்படியானால் கியர்பாக்ஸை இறக்கத்தான் வேண்டும். முன்சக்கர இழுவை வண்டியில் ஆக்ஸில் இரண்டும் கழலும். பல மாடல்களில் புகைக்குழாயின் முன்பகுதியும் கழலும். கூலியில் பெரும்பங்கு இதற்குத்தான். அதனால் இறக்கிய அன்றே பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் மாற்றிவிடுங்கள். கிளட்ச் பிளேட் ஒட்டிச் சுழலும் எஞ்சின் சக்கரமான ஃப்ளைவீலின் முகத்தை நீங்களே வந்து பாருங்கள். நீலத் திட்டும் மயிரிழை வெடிப்பும் இருந்தால் அது சூட்டில் வெந்தது. அதன்மேல் புது பிளேட் போடுவது வீண். எஞ்சினின் சுழல்தண்டான கிராங்க்கின் பின்பக்க ஆயில் சீலையும் விடாதீர்கள். சில நூறு ரூபாய்ச் சாமான்தான், ஆனால் கசிந்தால் புது பிளேட்டை எண்ணெயில் நனைத்துவிடும். ஆக்ஸில் சீல், அதன் ரப்பர் உறையான பூட், எஞ்சின் மவுண்ட், புகைக்குழாயின் வளையும் பகுதியான ஃப்ளெக்ஸி பைப் எல்லாம் அன்றே கண்ணெதிரில் இருக்கும். ஃப்ளெக்ஸி ஓரத்தில் கரி படிந்திருந்தால் அங்கே லீக்.

புது கிளட்ச் படிய முதல் 500, 800 கிலோமீட்டருக்கு மெதுவாக ஓட்டுங்கள். அந்த இடைவெளியில் பிரேக்கைப் பார்க்கலாம். தென்மலையிலிருந்து திரும்பும் வழியில், கோட்டைவாசல் தாண்டி இறங்கும்போது பிரேக் சூடேறும். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும் பொருள். டாட் 4 ரக பிரேக் ஆயில் புதிதில் 230 டிகிரியில் கொதிக்கும். ஈரம் ஏறினால் 155 டிகிரியிலேயே கொதிக்கலாம். கொதித்தால் பெடல் அமுங்கும், வண்டி நிற்காது. கூடுதல் இழுவை கேட்கிற வண்டிக்கு நல்ல பிரேக்கும் டயரும் முதலில் வேண்டும்.

சைலன்சர் இதற்கெல்லாம் பிறகுதான். டர்போ இல்லாத சின்ன பெட்ரோல் எஞ்சினில் பின் சைலன்சரை மட்டும் மாற்றினால் சத்தம் கூடும், பிக்கப் பெரிதாகக் கூடாது. புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கழற்றச் சொன்னால் நான் தொடமாட்டேன்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். கேரளத்திலிருந்து போன வழக்கில், கம்பெனி அமைப்பிலிருந்து விலகும் மாற்றம் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ பிரிவின்படி அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம்வரை சிறை, அல்லது இரண்டும். சத்த வரம்பை மீறினால் 190-வது பிரிவு தனி. இந்தச் சட்டம் தமிழக-கேரள எல்லைக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதான். ரீமேப்புக்குக் காசு எடுத்து வைப்பதற்கு முன்னாலேயே ஆர்டிஓ அலுவலகத்திலும் இன்சூரன்ஸிலும் எழுத்தில் கேட்டுவிடுங்கள்.