நியூரோபதியும் யாழ் நரம்பும்

மட்டக்களப்பில் நீரிழிவுக் கிளினிக்குக்குப் போய்வருவோர் அடிக்கடி கேட்கும் சொல் 'நியூரோபதி'. கால் விறைப்பு, உள்ளங்கால் எரிவு, செருப்புக் கழன்றதுகூடத் தெரியாத மரப்பு எல்லாம் அதில் அடங்கும். சொல்லின் பின்பாதி கிரேக்கத்தின் 'பாதோஸ்', அதாவது துன்பம், நோய். ஆகவே 'நீரிழிவு நரம்புநோய்' என்று எழுதினால் எவருக்கும் விளங்கும்.

சொல்லின் முன்பாதிதான் சுவையானது. 'நியூரோன்' பழைய கிரேக்கத்தில் தசைநாணையும் (தசையை எலும்போடு பிணைக்கும் நாண்) வில்நாணையும் இசைக்கருவியின் தந்தியையும் குறித்தது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் பிணங்களை அறுத்து ஆராய்ந்த ஹெரோபிலஸ், எராசிஸ்திராட்டஸ் ஆகியோரே உணர்வையும் அசைவையும் கடத்தும் இழைகளைத் தனியாக இனங்கண்டார்கள். பெயர் என்னவோ பழையதே நிலைத்தது.

தமிழ் நரம்பும் ஏறக்குறைய இதே பிள்ளைதான். பேரியாழுக்கு 21 நரம்பு. காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகளின் 'யாழ் நூல்' (1947) படித்தவர்களுக்கு நரம்பு என்றால் தந்தி. சுரத்துக்கும் அதுவே பெயர். ஊர்ப்பேச்சிலோ அது இன்னும் தாராளம். ஊசி ஏற்றும்போது 'நரம்பு பிடிபடவில்லை' என்றால் அது இரத்தம் ஓடும் நாளம். 'பிடரி நரம்பு பிடித்துக்கொண்டது' என்றால் பெரும்பாலும் தசை. பேச்சில் இதைத் திருத்தப் புறப்படுவது வீண்வேலை. நோயாளிக்கு அச்சடித்துக் கொடுக்கும் தாளில் மட்டும் பிரித்தே எழுத வேண்டும். நம் பாடநூல்களில் நாடி, நாளம் என்று தெளிவான சொற்கள் இருக்கின்றன. தமிழ்நாட்டில் அவற்றைத் தமனி, சிரை என்பார்கள்.

நியூரால்ஜியா நரம்புவலி, நியூரைட்டிஸ் நரம்பு அழற்சி. இவற்றில் சிக்கல் இல்லை.

சிக்கல் 'நியூரோசிஸ்'. ஸ்கொட்லாந்து மருத்துவர் வில்லியம் கல்லன் 1769இல் புகுத்திய சொல் இது. நரம்புக் கோளாறு என்றே அவர் எண்ணினார். பின்னர் அது மனநிலையைக் குறிப்பதாகிவிட்டது. இதை 'நரம்புநோய்' என்று பெயர்த்தால் ஆள் வேறு கிளினிக் வரிசையில் போய் நிற்பார். பதகளிப்பு, மனச்சோர்வு என உள்ளதை உள்ளபடி எழுதுவதே என் கட்சி. சுவர் விளம்பரங்களில் எதற்கெடுத்தாலும் வரும் 'நரம்புத் தளர்ச்சி'யையும் இந்தக் கணக்கில் சேர்க்கலாம்.

'அப்போநியூரோசிஸ்' இன்னொரு பொறி. நோயும் இல்லை, நரம்பும் இல்லை. தகடுபோல விரிந்த தசைநாண். பழைய கிரேக்கப் பொருள் அதில் அப்படியே தங்கியிருக்கிறது. அதற்குத் 'தசைநாண் படலம்' பொருந்தும்.