ஸ்கூட்டர் சீட்டில் பாதிப் பனி

ஊட்டிக்குக் குடிவந்த முதல் ஜனவரியில் ஒரு நாள், காலை ஆறரை மணிக்கு வண்டியை எடுக்கப் போனேன். வீட்டை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. அதில் வீட்டுக்காரப் பாட்டியின் விறகு போக மிச்ச இடம்தான் எனக்கு. அதனால் ஸ்கூட்டரின் முன்பாதி கூரைக்கு அடியிலும் பின்பாதி வெளியிலுமாக நின்றிருந்தது. சீட்டின் முன்பக்கம் எப்போதும் போலக் கறுப்பு. பின்பக்கம் பொடி உப்பைத் தூவிய மாதிரி வெள்ளை. நகத்தால் சுரண்டினால் உதிர்ந்தது. கூரை எங்கே முடிகிறதோ, கோடு கிழித்தது போல அதற்கு நேர் கீழே பனியும் முடிந்திருந்தது.

வாசலில் மாட்டியிருந்த வெப்பமானி 3 டிகிரி காட்டியது. தண்ணீர் 0 டிகிரியில்தானே உறையும்? அந்தக் கொட்டகைக்குச் சுவர்கூடக் கிடையாது, நாலு கம்பமும் மேலே தகரமும்தான். ஒரே சீட், ஒரே காற்று. பாதி உறைந்திருக்கிறது, பாதி உறையவில்லை. ஒரே ஒரு வித்தியாசம்: பின்பாதிக்கு மேலே வானம் இருந்தது.

'குளிர் உள்ளே வருது, கதவைச் சாத்து', 'பனி பெய்யுது, தலையில துணியைப் போடு' என்றெல்லாம் பேசிப் பழகிவிட்டோம். ஏதோ ஒன்று வெளியிலிருந்து வந்து நம்மேல் விழுவது போன்ற பேச்சு இது. உண்மையில் நடமாடுவது வெப்பம் மட்டும்தான். அது நம்மை விட்டும் வீட்டை விட்டும் தரையை விட்டும் வேகமாக வெளியே போனால் குளிர்கிறது என்கிறோம். அன்றைக்கு அந்த சீட்டின் வெப்பம் போனது நேரே மேலே, வானத்துக்கு.

சூடோ குளிரோ, எல்லாப் பொருளும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராக வெப்பத்தை விட்டுக்கொண்டே இருக்கிறது. 0 டிகிரியில் கிடக்கும் புல்தரைகூட ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 315 வாட் வீதம் செலவு செய்கிறது. பதிலுக்கு மேலிருந்தும் அதே வகைக் கதிர் வரவாக வருகிறது. மேகமோ மரக்கிளையோ தகரமோ தலைக்கு மேல் இருந்தால் வரவும் செலவும் கிட்டத்தட்டச் சரியாகிவிடும். மேகமும் இல்லாமல் ஈரமும் குறைந்த மலை வானம் பெரிய கஞ்சன். அது தருவதை வைத்துக் கணக்குப் பார்த்தால் சதுர மீட்டருக்கு எழுபது, எண்பது வாட் துண்டு விழும். தரையாவது அடி மண்ணில் பகலில் சேர்த்த வெப்பத்தை எடுத்துக் கொஞ்சம் சமாளிக்கும். ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் இருப்பதோ பஞ்சு. கீழிருந்து ஒரு சல்லிக்காசு வராது. ஆகவே சீட்டின் தோல், சுற்றியுள்ள காற்றைவிட நாலைந்து டிகிரி கீழே இறங்கிவிடுகிறது. காற்று 3 டிகிரியில் இருக்கும்போதே சீட் பூஜ்யத்தைத் தாண்டிவிட்டது. காற்றில் இருந்த நீராவி அதன்மேல் பட்டு, தண்ணீராக மாறாமல் நேரடியாகப் பனிப் படிகமாகிவிட்டது. பழைய சுவரில் உப்புப் பூக்கிறது என்போமே, அந்த மாதிரி இதுவும் பூப்பதுதான். பெய்வதில்லை. கார்த்திகை வாக்கில் புல்லில் துளித்துளியாக நிற்பதை ஊட்டிக்காரர்கள் நீர்ப்பனி என்பார்கள், அப்புறம் வருகிற இந்த வெள்ளை உறைபனி.

வானிலை நிலையங்களில் வெப்பமானியைத் தரையிலிருந்து ஒன்றேகால் மீட்டர் உயரத்தில் ஒரு வெள்ளை மரப்பெட்டிக்குள் வைத்திருப்பார்கள். புல்நுனியின் கதை அதற்குத் தெரியாது. பத்திரிகையில் 'ஊட்டியில் 2 டிகிரி' என்று போட்டுவிட்டுப் பக்கத்திலேயே வெள்ளை வெளேரென்ற புல்வெளிப் படத்தையும் போட்டிருந்தால், இரண்டுமே சரிதான்.

அந்தப் படங்கள் பெரும்பாலும் குதிரைப் பந்தய மைதானத்திலோ காந்தலிலோ தலைகுந்தாவிலோ எடுக்கப்பட்டவை. 2,637 மீட்டர் உயரத் தொட்டபெட்டாவை விட்டுவிட்டு, அதற்கு நானூறு மீட்டர் கீழே இருக்கும் மைதானத்தில் ஏன் உறைகிறது? குளிர்ந்த காற்று கனமானது. இரவில் சரிவுகளில் தண்ணீர் போலவே வழிந்து இறங்கிப் பள்ளத்தில் தேங்கிவிடும். மலையில் வீடு பார்ப்பவர்கள் 'வியூ' பார்ப்பதோடு பள்ளமா மேடா என்றும் பார்த்துக்கொள்வது நல்லது. நான் பார்க்கவில்லை.

உறைபனி திடீரென்று ஒரு நாள் வருவது ஏன் என்றால், வடகிழக்குப் பருவமழை ஓயும்வரை மேகம் ஒரு போர்வை மாதிரி மூடியிருக்கிறது. இரவு 9, 10 டிகிரி, ஒரு ஸ்வெட்டர் போதும். ஒரு நாள் மேகம் கலைகிறது, காற்றும் அடங்குகிறது. அன்று இரவே பூஜ்யத்தை எட்டிப் பார்க்கும்.

'தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்' என்று சமவெளியில் சொல்வார்கள். மச்சு என்று சொன்னவருக்கு ஒரு சபாஷ். வீட்டில் வானத்தை நேருக்கு நேர் பார்ப்பது கூரைதான். அந்த ஸ்கூட்டர் சீட்டுக்கு நடந்தது ராத்திரி முழுக்க அதற்கும் நடக்கிறது. தகரமோ ஆஸ்பெஸ்டாஸ் ஓடோ ஆனால் அதன் உட்பக்கமும் சில்லென்று ஆகி, நம் மூச்சில் வந்த ஈரம் அதில் பட்டு விடிகாலையில் மேலே சொட்டும். என் தலையணையில் சொட்டியது. கூரை ஒழுகுகிறது என்று பாட்டியிடம் போய்ப் புகார் சொன்னேன். 'மழை பெய்ஞ்சு ஒரு மாசமாச்சு கண்ணு' என்றார்.

கூரைக்கு அடியில் ஒரு தடுப்பு, தெர்மாகோல் பலகையோ பிளைவுட்டோ, அடித்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். முடியாதவர்கள் பந்தல் துணியை இழுத்துக் கட்டினாலும் பலன் தெரியும். நம் உடம்பும் கதிர் விடுகிற பொருள்தானே. தலைக்கு மேல் சில்லென்ற தகரம் இருந்தால் அதற்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும். கண்ணாடி ஜன்னலும் இப்படித்தான். ஜனவரியில் சூரியன் தெற்கே சாய்ந்து போகும். தெற்கு ஜன்னலின் திரையைப் பகல் முழுக்க விலக்கி வைத்து வெயிலை உள்ளே விடவேண்டும், வெயில் இறங்கினதும் மூடிவிடவேண்டும். இருட்டி ரொம்ப நேரம் கழித்துத் திரை போடுவது, பணம் திருடு போனபின் பீரோவைப் பூட்டுவதுதான்.

தரைக்குப் பாய் விரித்தால் போதும். டைல்ஸும் பாயும் ஒரே வெப்பநிலையில்தான் இருக்கின்றன. டைல்ஸ் காலிலிருந்து வெப்பத்தைச் சீக்கிரம் உறிஞ்சுகிறது, பாய் உறிஞ்சுவதில்லை.

போர்வை விஷயத்தில்தான் நான் நன்றாக அசடு வழிந்தேன். மலைக்குளிரில் இட்லி மாவு பொங்காது. அரைத்த மாவுப் பாத்திரத்தைக் கனத்த கம்பளியில் சுற்றி வைத்தேன். காலையில் மாவு வைத்தபடியே இருந்தது. அதே கம்பளியில் பாட்டி பால் பாத்திரத்தைச் சுற்றி வைத்தால் தயிர் கட்டியாகத் தோய்கிறது. காரணம், அவர் வெதுவெதுப்பான பாலைச் சுற்றினார், நான் சில்லென்ற தண்ணீரில் அரைத்த மாவைச் சுற்றினேன். கம்பளி சூட்டை உண்டாக்காது, இருப்பதைக் காக்கும். சைக்கிள் கேரியரில் ஐஸ்கட்டியை மரத்தூளும் சாக்குமாகச் சுற்றிக் கொண்டுபோன காலம் நினைவிருக்கிறவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. சாக்குக்கு உள்ளே இருப்பது ஐஸா ஆளா என்று அதற்குத் தெரியாது. இப்போது மாவை வெந்நீர் விட்டு வெதுவெதுப்பாகக் கரைத்து, பிறகுதான் சுற்றுகிறேன்.

நாம் வெதுவெதுப்பான பால் கட்சி. சும்மா படுத்திருக்கும் மனித உடம்பு எண்பது முதல் நூறு வாட் வரை வெப்பம் தருகிறது, ஒரு பழைய குண்டு பல்பு அளவுக்கு. அதைக் காப்பது கம்பளி நூல் என்பதைவிட நூலுக்கு இடையில் சிக்கிய காற்று என்பதே சரி. அசையாத காற்றைப் போல வெப்பத்தைத் தடுக்கும் பொருள் வீட்டில் வேறு இல்லை. ஒரு தடித்த போர்வையைவிட இரண்டு மெல்லியவை பல சமயம் நன்றாக இருப்பது நடுவில் ஒரு காற்று அடுக்கு கூடுவதால்தான். மேலே மூன்று போர்வை போட்டும் நடுங்குகிறவர்கள் கீழே என்ன இருக்கிறது என்று பார்க்கவேண்டும். உடம்பின் எடையில் மெத்தை நசுங்கிக் காற்று வெளியேறிவிடுகிறது. கயிற்றுக் கட்டிலில் கேட்கவே வேண்டாம். ஒரு போர்வையை எடுத்து அடியில் போட்டுப் பாருங்கள். ஈரத் துணியோடு மட்டும் படுக்காதீர்கள். தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும்.

குளிர் தட்டியதும் உடம்பு முதலில் கைகால் விரல்களுக்குப் போகும் ரத்தக் குழாய்களைச் சுருக்கி, ரத்தத்தை நடுவே வைத்துக்கொள்கிறது. அப்படி நடுவில் கூடும் ரத்தத்தைப் பார்த்து, தண்ணீர் அதிகமாகிவிட்டதென்று சிறுநீரகம் நினைத்துக்கொள்கிறது. ராத்திரி நாலு தடவை எழுந்து போவதன் ரகசியம் அதுதான். 'ஒரு பெக் போட்டால் சூடு பிடிக்கும்' என்பவர்கள் இந்த ஏற்பாட்டைக் கெடுத்துக்கொள்கிறார்கள். மது அந்தக் குழாய்களை விரித்துவிடும். தோலுக்கு ரத்தம் வந்து சூடாகத் தோன்றும், நடுவில் இருந்த வெப்பம் தோல் வழியாகப் போய்க்கொண்டிருக்கும்.

சரி, அறையைச் சூடாக்கலாம் என்று போகிறவர்களில் சிலர் உயிரையே விட்டிருக்கிறார்கள். கொடைக்கானலிலும் ஊட்டியிலும் இரவில் கறி சுட்ட அடுப்பை, தணல் இருக்கிறதே என்று அறைக்குள் எடுத்து வைத்து, கதவு ஜன்னலைச் சாத்திப் படுத்தவர்கள் காலையில் எழுந்திருக்காத செய்திகள் வந்திருக்கின்றன. கரி எரியப் போதுமான ஆக்சிஜன் கிடைக்காதபோது கார்பன் மோனாக்சைடு உண்டாகும். நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். மூச்சு விடுகிறோம், மார்பு ஏறி இறங்குகிறது, ஆனால் மூளைக்கு ஆக்சிஜன் போவதில்லை. தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல். தூங்குகிறவருக்கு அதுவும் தெரியாது.

'எங்க தாத்தா காலத்துல கணப்பு வைத்துத்தானே தூங்கினாங்க' என்று ஒருவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. ஊட்டி தாவரவியல் பூங்காவுக்கு மேலே இருக்கும் மந்தில், அதாவது தோடர் பழங்குடியினரின் குடியிருப்பில், பழைய முறை வீட்டை இன்றும் பார்க்கலாம். பீப்பாயைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்தது போன்ற உருவம், மூங்கிலும் பிரம்பும் மேலே கனமான புல் வேய்ச்சலும். ஜன்னல் இல்லை. வாசல் மூன்றடி உயரம் இருந்தால் அதிகம், தவழ்ந்துதான் போகவேண்டும். சூடான காற்று மேலே போய் நிற்கும். நம் வீட்டு ஆறரை அடிக் கதவைத் திறந்ததும் அது மேல்பகுதி வழியாக வெளியேறி, கீழ்ப்பகுதி வழியாகக் குளிர்ந்த காற்று புகும். மூன்றடி வாசலில் அது முடியாது. சேர்ந்த சூடு வாசல் நிலைக்கு மேலேயே தங்கிவிடும். அதே சமயம் புல் வேய்ச்சல் புகையைக் கசிய விடும். ஓட்டு வீட்டிலும் ஓடுகளுக்கு இடையே சந்து உண்டு. போதாததற்கு விறகு புகைந்தால் கண் எரியும், இருமல் வரும், எழுந்துவிடுவோம். கரித்தணல் புகையாது, கண்ணைக் கரிக்காது. இன்றைய கான்கிரீட் அறையில் சந்தும் கிடையாது. தாத்தாவின் வீட்டில் இருந்த இரண்டு காவலும் இங்கே இல்லை. குளியலறைக்குள் மாட்டிய கேஸ் கீசரும் இதே ஆபத்துதான். அறையில் நாலு பேருக்கும் ஒன்றாகத் தலை வலித்தால் சளி என்று நினைக்காமல் கதவைத் திறந்து எல்லாரையும் வெளியே கொண்டுவந்து, 108-ஐக் கூப்பிடவேண்டும்.

மின் ஹீட்டரில் இந்தப் பயம் இல்லை. 2,000 வாட் ஹீட்டர் மணிக்கு 2 யூனிட் தின்னும் என்ற பயம் மட்டும்தான். வெந்நீர்ப் பையைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு படுப்பது எனக்குப் போதுமாக இருக்கிறது.

பூங்காவில் மலர்ச் செடிகளுக்கு மேல் கோத்தகிரி மிலார் என்கிற செடியின் கொப்புகளைப் பரப்பிக் குடை மாதிரி மூடியிருப்பதைப் பனிக்காலத்தில் பார்க்கலாம். செடிக்கும் வானத்துக்கும் நடுவே எதையாவது வைத்தால் சரி. பாட்டி ரோஜாத் தொட்டிகளுக்குக் கோணிச் சாக்கு போடுவார், தினமும் போடமாட்டார். எந்த நாள் என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். சாயங்காலம் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தார். 'நட்சத்திரம் பொடிப்பொடியா எல்லாம் தெரியுது, இலை ஆடல. அந்த விறகைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுட்டு வண்டியை முழுசா உள்ள விடு கண்ணு' என்றார்.