காட்டன் என்று சொன்னால் மட்டும் போதாது

கத்திரி தொடங்கியதும் என் கடைக்கு வருகிறவர்களின் பேச்சு மாறிவிடும். "அக்கா, இடுப்பைச் சுத்தி ஒரே வேர்க்குரு, உட்கார முடியல" என்று குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள், பக்கத்தில் ஆண்கள் நின்றால் அதையும் சொல்ல மாட்டார்கள். பெரம்பூரில் 20 வருடத்துக்கு மேலாகத் தைக்கிறேன். ரவிக்கைத் துணிக்கு நாலு கடை ஏறி இறங்குகிற பெண்கள், உள்பாவாடையும் ஷிம்மியும் மட்டும் கையில் கிடைத்ததை வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள். நாள் முழுக்கத் தோலோடு ஒட்டிக் கிடப்பது அதுதானே!

போன வருடம் இட்லிக் கடை நடத்துகிற ஒரு அம்மா வந்தார். விடியற்காலை நாலு மணியிலிருந்து அடுப்பு முன்னால் நிற்கிறவர். சேலை வழவழவென்று விழ வேண்டுமென்று யாரோ சொல்ல, சாட்டின் பாவாடைக்கு மாறியிருக்கிறார். நாடா இறுக்கிய இடம் கறுத்துப்போய், தொடை வரை சிவந்திருந்தது. முதலில் தோல் டாக்டரைப் பாருங்கள், மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய களிம்பைத் தடவாதீர்கள் என்று அனுப்பிவிட்டு, அப்புறம்தான் அளவெடுத்தேன்.

சென்னையில் வெயிலை விடப் புழுக்கம்தான் படுத்துகிறது. கடலோரக் காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் வேர்வை சீக்கிரம் ஆறுவதில்லை. பருத்தி சாதாரணக் காற்றிலேயே தன் எடையில் சுமார் 8 சதவீதம் ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும், பாலியஸ்டர் அரை சதவீதம்கூட வாங்காது. கடையில் கிடைக்கிற சாட்டின் பாவாடை பெரும்பாலும் பாலியஸ்டர்தான், அதனால் அதற்குள் வேர்வை தோல் மேலேயே நிற்கிறது.

சரி, காட்டன் வாங்கிவிட்டால் முடிந்ததா என்றால், இல்லை. இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். கெட்டியான பாப்ளினும் காட்டன்தான், ஆனால் அது வேர்வையைக் குடித்துவிட்டு மதியம் வரைக்கும் ஈரமாகவே இருக்கும், ஈரத்துணி தொடையில் உரச உரசப் புண்தான் வரும். நூல் மெல்லியதாக, நெசவு கொஞ்சம் இளக்கமாக இருந்தால்தான் காற்று உள்ளே போய் வெளியே வரும். துணியை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடியுங்கள், வாயருகே வைத்து ஊதிப் பாருங்கள், அந்தப் பக்கம் உள்ளங்கையில் காற்று படுகிறதா என்று கவனியுங்கள்.

அந்த இட்லிக் கடை அம்மாவுக்குப் பாவாடையின் உடம்புப் பகுதியை மல்மல் என்கிற மெல்லிய பருத்தித் துணியிலும், இடுப்புப் பட்டியை மட்டும் கேம்பிரிக் என்கிற நெருக்கமாக நெய்த பருத்தித் துணியிலும் தைத்தேன். மல்மல் இடுப்பில் இழுவை தாங்காது, கிழிந்துவிடும். கயிறு மாதிரி நாடா வேண்டாமென்று ஒன்றரை அங்குல அகலத்துக்குத் துணியிலேயே நாடா போட்டுக் கொடுத்தேன், முடிச்சையும் தினம் ஒரே இடத்தில் போடாமல் மாற்றிப் போடச் சொன்னேன். டாக்டர் மருந்தும் இதுவும் சேர்ந்து ஒரு மாதத்தில் ஆளே தெளிந்துவிட்டார்.

ஜட்டி, ஷிம்மிக்கு நெய்த துணியை விடத் திருப்பூர் பனியன் துணிதான் நல்லது. மெல்லிய ரகமாக, லைக்ரா என்கிற இழுபடும் நூல் 5 சதவீதத்துக்கு மேல் போகாததாகப் பார்த்து எடுங்கள். எலாஸ்டிக் நேரடியாகத் தோலில் படக்கூடாது, துணிக்குள் மூடித் தைக்கச் சொல்லுங்கள். வெட்டுவதற்கு முன் ஓர் இரவு நனைத்துக் காயவைப்பது கட்டாயம், இல்லாவிட்டால் முதல் சலவையிலேயே சுருங்கி இறுக்கும்.

கடைக்காரர் வாய்வார்த்தையை நம்பி நானும் ஏமாந்திருக்கிறேன். சுத்தக் காட்டன் என்று ஒருவர் கொடுத்த துணியில் 12 பாவாடை தைத்துக் கொடுத்தேன், ஒவ்வொருவராகத் திரும்பி வந்து "கசகசன்னு இருக்கு அக்கா" என்றபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. அது பாலியஸ்டர் கலந்த மிக்ஸ் துணி. அன்றிலிருந்து ஓரத்து நூல் நாலைந்து உருவிக் கொளுத்திப் பார்க்காமல் வாங்குவதில்லை. பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து சாம்பலாக உதிரும், பாலியஸ்டர் உருகிக் கறுத்த மணியாக இறுகிவிடும். நெடுக்கு நூல், குறுக்கு நூல் இரண்டையும் கொளுத்திப் பாருங்கள், ஒன்று மட்டும் பருத்தியாக இருக்கும் துணிகளும் உண்டு.

மூங்கில் துணி பற்றி இப்போது நிறையப் பேர் கேட்கிறார்கள். அந்தப் பெயரில் வருவது பெரும்பாலும் மூங்கில் கூழைக் கரைத்து நூலாக இழுத்த விஸ்கோஸ் துணி. மெத்தென்று இருக்கும், ஈரமும் நன்றாக இழுக்கும், ஆனால் நனைந்தால் அதன் நூல் பலம் குறையும், பருத்திக்கோ நனைந்தால் பலம் கூடும். கல்லில் அடித்துத் துவைக்கிற வீட்டுக்கு மூங்கில் துணி தாங்காது.

புதுத்துணி வாங்கக் காசில்லை என்று தயங்குகிறவர்களிடம், வீட்டில் பழைய எட்டு முழ வேட்டியோ நைந்த நூல்சேலையோ இருந்தால் கொண்டுவரச் சொல்கிறேன். பிறந்த குழந்தைக்குப் பாட்டிமார் அதில்தானே சட்டை தைத்தார்கள், பட்டன் வைக்காமல் முடிச்சுப் போட்டு. பல சலவை கண்ட அந்தத் துணி அளவுக்கு மெத்தென்ற புதுத்துணி இதுவரை என் கைக்கு வந்ததில்லை. தையல்கூலி மட்டும் கொடுங்கள், போதும்.