எரர் என்றால் தவறா?

கைபேசியில் பணம் அனுப்பும்போது சர்வர் படுத்துவிட்டால், திரையில் 'தவறு ஏற்பட்டுள்ளது' என்று வருகிறது. அனுப்பியவர் தான்தான் ஏதோ தப்பாக அமுக்கிவிட்டதாக நினைத்து மறுபடியும் அமுக்குகிறார். எரர் என்று கண்ணில் பட்டதுமே தவறு என்று எழுதிவிட்டுப் போகிற மொழிபெயர்ப்பால் வருகிற வினை இது. எரருக்குப் பிழை, மிஸ்டேக்குக்குத் தவறு என்று இரண்டு சொற்கள் நம்மிடம் தனித்தனியாக இருக்க, ஒன்றை வைத்தே இரண்டையும் ஒப்பேற்றுவது சோம்பேறித்தனம்.

எரர், லத்தீனில் அலைதல், வழிவிலகல் என்று பொருள்படும் வினையிலிருந்து வந்தது. மிஸ்டேக், ஸ்காண்டிநேவியாவின் பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்த சொல். மாற்றி எடுத்துவிடுவது என்று பொருள். முன்னது விலகல், பின்னது கைப்பிசகு.

தமிழில் பிழைத்தலின் பழைய பொருள்களில் ஒன்று குறி தப்புதல். 'யானை பிழைத்தவேல்', அதாவது யானைமேல் எறிந்து குறி தப்பிய வேல், என்கிறது 772ஆம் குறள். கோவலனைக் கொன்றது அநீதி என்று தெரிந்ததும் மதுரையில் பாண்டியன் சொல்வதாகச் சிலப்பதிகாரம் வைத்திருப்பதும் 'என்முதற் பிழைத்தது' என்றுதான். காவல் முறை நேர்வழியிலிருந்து விலகியதைச் சொல்ல அந்தச் சொல். தவறு அப்படியல்ல. கால் தவறியது, கை தவறியது, வாய் தவறியது என்று அந்தக் கணத்தின் சறுக்கலைச் சொல்வது.

'பிழை என்றால் பிழைப்பு ஞாபகம் வருகிறது, மக்களுக்குக் குழப்பம்' என்று எதிர்த்தரப்பார் சொல்வார்கள். வேல் குறி தப்பினால் யானை பிழைக்கும். ஒரே சொல்லுக்கு இரு பொருளும் ஒட்டிக்கொள்வது இயல்புதான். தப்பு, தப்பித்தல் இரண்டும் இதே சோடிதானே? 'தப்புப் பண்ணாதே' என்றால் தப்பித்து ஓடாதே என்று யாரும் புரிந்துகொள்வதில்லை. எழுத்துப்பிழை, அச்சுப்பிழை என்று கல்யாணப் பத்திரிகை அடிப்பவர் வரை புழங்கும் சொல்லைக் கடினம் என்பது வீண்வாதம். இலங்கையில் பள்ளிப் பிள்ளைகளே 'சரியா, பிழையா' என்றுதான் கேட்கிறார்கள்.

இந்த வேறுபாடு மிக அவசியமாகிற இடம் வகுப்பறை. 1967இல் மொழியியலாளர் கார்டர் இரண்டையும் பிரித்தார்: கற்பவருக்கு விதியே பிடிபடாமல் திரும்பத் திரும்ப வருவது எரர், விதி தெரிந்தும் அவசரத்தில் நழுவுவது மிஸ்டேக். மதுரைப் பக்கத்துப் பேச்சில் ழகரம் ளகரமாகிவிடும், வாளப்பளம், மளை. இப்படிப் பேசிப் பழகிய பிள்ளை கட்டுரை முழுக்க 'மளை' என்றே எழுதினால் அது பிழை. நாலு இடத்தில் மழை என்று எழுதி ஐந்தாவதில் மட்டும் 'மளை' என்று எழுதினால் தவறு. (பிழையையே 'பிளை' என்று எழுதும் விடைத்தாளும் உண்டு, அதை எதில் சேர்ப்பது என்று ஆசிரியர் பாடு.) தவறுக்கு அடிக்கோடு போதும், பிள்ளையே திருத்திக்கொள்ளும். பிழைக்கு அது போதாது. ழகரத்துக்கு நுனிநாக்கு உள்வளைந்து அண்ணத்தில் ஒட்டாமல் நிற்க வேண்டும், ளகரத்துக்கு ஒட்ட வேண்டும் என்று வாயில் பழக்கி, பிறகு மழை, மழலை, உழவு என்று எழுத வைக்க வேண்டும். இரண்டையும் தவறு என்று அழைத்து இரண்டுக்கும் பத்துத் தடவை எழுதச் சொன்னால், முதல் பிள்ளை 'மளை'யையே பத்துத் தடவை எழுதும்.

அளவையிலும் இப்படித்தான். மதுரைத் தெற்கு ஆவணி மூல வீதி நகைக்கடைத் தராசில் தட்டு காலியாக இருக்கும்போதே 0.02 கிராம் காட்டினால் அது சுழிப்பிழை. ஒரு பவுன் 8 கிராம்; அந்தத் தராசு 8.02 காட்டும். பத்து முறை நிறுத்துச் சராசரி பார்த்தாலும் அந்த 0.02 போகாது. கழித்துத்தான் ஆக வேண்டும், அல்லது தராசைச் சுழியாக்க வேண்டும். 8.35ஐ 8.53 என்று பில்லில் எழுதினால் அது எழுதியவரின் தவறு. அடித்துவிட்டுத் திருத்தி எழுதலாம். பிழையில் யாரும் குற்றவாளி இல்லை, தவறுக்கு ஆள் உண்டு. நம் பாடநூல்கள் இதில் ஒழுங்காகவே இருக்கின்றன: சுழிப்பிழை, திட்டப்பிழை, முதல் வகைப் பிழை. புள்ளியியலில், சோதனைக்கு எடுத்துக்கொண்ட இன்மைக் கருதுகோள் (வேறுபாடு ஏதும் இல்லை என்ற அனுமானம்) உண்மையாக இருந்தும் அதை மறுத்துவிடுவதுதான் முதல் வகைப் பிழை. கணக்கெல்லாம் சரியாகப் போட்ட பிறகும் அது நேரலாம் என்பதால் அதைத் தவறு என்றால் பொருளே கெடும்.

உளவியலாளர் தார்ண்டைக்கின் 'முயன்று தவறிக் கற்றல்' (டிரையல் அண்ட் எரர்) மட்டும் விலக்கு. அங்கே ஒவ்வொரு முயற்சியும் சறுக்குவதுதான் பேச்சு. தவறி என்ற வினை சரியாக உட்காருகிறது. இதைக் காட்டி எரர் எல்லாமே தவறுதான் என்று வாதாடுவது ஆகாது.

நிரல் எழுதுகிறவர்கள் பக் என்கிற நிரல் கோளாறுக்கு வழு என்கிறார்கள். திணை வழு, பால் வழு என்று இலக்கணத்தில் இருந்த சொல்லை எடுத்து ஆண்டிருக்கிறார்கள், நல்ல வேலை. அந்த அக்கறை பணம் அனுப்பும் செயலியை மொழிபெயர்ப்பவருக்கும் இருந்தால் 'சர்வர் பிழை. உங்கள் பணம் கழிக்கப்படவில்லை' என்று எழுதியிருப்பார்.